வேப் (மின்சிகரெட்) காயிலை மாற்றியும் கருகல் வாடை போகவில்லை, என்ன செய்வது?

லண்டனில் வசிக்கும் 44 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இருபது வயதில் பிடித்துக்கொண்ட சிகரெட், நாளொன்றுக்குப் பதினைந்து வரை போயிருக்கிறது. பத்து மாதங்களுக்கு முன்பு அவர் பகுதியிலுள்ள புகைநிறுத்த உதவி மையத்தில் ஒரு பாட் வேப்பும் (கழற்றக்கூடிய சின்ன லிக்விட் கூடு உள்ள மின்சிகரெட்), மில்லிக்கு 20 மி.கி. நிகோட்டின் கொண்ட லிக்விட்டும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் சிகரெட் நின்றது. ஏழு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு நண்பர், "நிகோட்டினைக் குறைச்சாத்தான் இதையும் விட முடியும்" என்று சொல்ல, 3 மி.கி. லிக்விட்டுக்கு மாறினார். பெரிய பாட்டில், மாம்பழ வாசனை, விலையும் மலிவு. புகை திருப்தியாக வரவில்லை என்று பன்னிரண்டு வாட்டில் இருந்ததைப் பதினெட்டாக ஏற்றினார். அன்றிலிருந்து, லிக்விட்டைச் சூடாக்கும் காயில் எதுவும் இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. தொண்டையைக் கிழிக்கும் கருகல் வாடை. வெந்நீரில் அலசிக் காயவைத்துப் போட்டும் பார்த்துவிட்டார். முன்பு நாளுக்கு 2 மி.லி. லிக்விட் போதும், இப்போது 8 மி.லி. ஆகிறது. இரண்டு வாரமாக, காயில் கருகிக் கிடக்கும் நேரங்களில் நாளுக்கு மூன்று நான்கு சிகரெட் திரும்ப வந்துவிட்டது. "கருகிய பஞ்சை இழுப்பதற்குச் சிகரெட்டே தேவலை அல்லவா?" என்று கேட்கிறார். இரண்டு மாதத்தில் அக்கா மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் சென்னை போகிறார். அங்கே வேப்பைக் கொண்டுபோகலாமா என்பது அடுத்த கேள்வி. கடைசியில் ஒரே ஒரு வரி: "இந்தக் கருகலால் ஐந்து வாரமாக இருமல் வேறு."

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இருமலுக்குக் கருகிய காயில் காரணமாக இருக்கலாம். ஆனால் 24 வருடம் சிகரெட் பிடித்த ஒருவரின் ஐந்து வார இருமலை நானோ நீங்களோ காயில் மேல் போட்டுவிட்டு இருக்க முடியாது. இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர், எப்போதாவது புகைபிடித்தவர், காரணம் தெரியாத இருமலோ மூச்சுவாங்கலோ நெஞ்சுவலியோ எடை குறைவோ இருக்கிறதென்றால், இரண்டு வாரத்துக்குள் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்யவேண்டும். நாளைக் காலையே உங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கைக் கூப்பிட்டு, "ஐந்து வாரமாக இருமல், 24 வருடம் சிகரெட்" என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரே சுத்தமாகத்தான் வரும். ஆனாலும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வேப் பயன்படுத்துவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.

இனி உங்கள் காயிலுக்கு வருகிறேன்.

கருகுவது எது?

உங்கள் பாட்டுக்குள் இருக்கும் காயில் என்பது ஒரு சின்னக் கம்பிச் சுருள் அல்லது வலை. அதை ஒட்டிப் பஞ்சு இருக்கும். பஞ்சு லிக்விட்டை உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுக்கிறது. கம்பி சூடாகி அதை ஆவியாக்குகிறது. அகல் விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை திரி மெல்ல எரிகிறது. எண்ணெய் வற்றினால் திரியே கருகி நாறுகிறது. இங்கேயும் அதேதான். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை ஆவியாகும் லிக்விட்டே சூட்டை வாங்கிக்கொள்ளும். ஈரம் போன இடத்தில் சூடு பஞ்சைப் பிடிக்கிறது.

அப்படியானால் பஞ்சு ஏன் காய்கிறது என்று பார்க்கவேண்டும். நீங்கள் எழுதியதில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது லிக்விட்டின் கெட்டித்தன்மை. எல்லா லிக்விட்டிலும் அடிப்படை இரண்டு பொருள்கள்: தண்ணீர்போல ஓடும் பி.ஜி. (புரோப்பிலீன் கிளைக்கால்), தேன்போலக் கெட்டியான வி.ஜி. (தாவர கிளிசரின்). மையத்தில் கொடுத்த லிக்விட்டில் இரண்டும் பாதிப்பாதி இருந்திருக்கும். நீங்கள் வாங்கிய பெரிய பாட்டில் பெரும்பாலும் எழுபது சதவீதம் வி.ஜி.; லேபிளைப் பாருங்கள், எழுதியிருக்கும். உங்கள் காயிலின் மின்தடை 1.2 ஓம். அதன் பக்கவாட்டு ஓட்டைகள் மெல்லிய லிக்விட்டுக்காகச் செய்யப்பட்டவை. கெட்டியான லிக்விட் அந்த ஓட்டை வழியே வந்துசேர்வதற்குள் நீங்கள் அடுத்த இழுப்பு இழுத்துவிடுகிறீர்கள். குளிர்காலத்தில் கோட்டுப் பையில் இருந்தால் வி.ஜி. இன்னும் கெட்டியாகிவிடும்.

இரண்டாவது வாட். காயிலின் உடம்பிலேயே எத்தனை வாட் தாங்கும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 1.2 ஓம் காயில் என்றால் பொதுவாகப் பத்து முதல் பதின்மூன்று வரை. பதினெட்டில் வைத்தால், மெதுவாக வரும் லிக்விட் இன்னும் வேகமாகத் தீர்கிறது.

மூன்றாவது மாம்பழம். இனிப்பான லிக்விட்டுகள் பலவற்றில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைச் சேர்க்கிறார்கள். அது ஆவியாகாமல் கம்பியிலேயே தங்கிக் கருப்புப் பொருக்காகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை காயிலைக் கழற்றும்போது வெள்ளைத் தாளில் வைத்து ஓட்டைகளைப் பாருங்கள். பஞ்சு பழுப்பாக இருந்தால் லிக்விட்டின் நிறம்தான், பயமில்லை. நடுவில் கம்பியை ஒட்டிக் கருப்பாக, தொட்டால் உதிர்வதாக இருந்தால் அது தீய்ந்த பஞ்சு. நீங்கள் வெந்நீரில் அலசுவது பொருக்கைக் கொஞ்சம் கரைக்கும், அவ்வளவுதான். தீய்ந்த பஞ்சு மறுபடி பஞ்சாகாது. அலசிய காயிலில் நல்ல ருசி வராததற்குக் காரணம் இதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நிகோட்டினைக் குறைத்ததுதான் இதன் வேர்

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் கடிதத்திலுள்ள எண்களையே கூட்டிப் பாருங்கள். முன்பு 2 மி.லி., மில்லிக்கு 20 மி.கி.; அதாவது நாளுக்கு 40 மி.கி. நிகோட்டின் உங்கள் பாட் வழியாகப் போனது. இப்போது 8 மி.லி., மில்லிக்கு 3 மி.கி.; மொத்தம் 24 மி.கி. நான்கு மடங்கு லிக்விட்டை ஊதியும் பழைய அளவில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் கிடைக்கிறது. உடம்பு மிச்சத்தைக் கேட்கிறது. அதனால்தான் அடிக்கடி, நீளமாக, இடைவெளி இல்லாமல் இழுக்கிறீர்கள். அதனால்தான் வாட்டை ஏற்றத் தோன்றியது. காயில் நான்கு மடங்கு வேலை பார்த்துக் கருகுகிறது. அதுவும் போதாமல் சிகரெட் கைக்கு வந்துவிட்டது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் டாக்கின்ஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள வேப் பயனாளிகளுக்கு நிகோட்டின் குறைந்த லிக்விட் கொடுத்தபோது அவர்கள் அதிகமாக, நீளமாக இழுத்து ஈடுசெய்தார்கள்; லிக்விட் செலவும் கூடியது. நிகோட்டின் குறைவென்றால் கெடுதலும் குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிகரெட்டால் புற்றுநோயையும் நுரையீரல் அடைப்பையும் கொண்டுவருவது எரியும் புகை. நிகோட்டின் அடிமைப்படுத்தும், இதயத் துடிப்பைக் கூட்டும். அதை நல்லது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சிகரெட்டிலிருந்து வெளியே வருகிற காலத்தில் உங்களைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

ஆகவே என் ஆலோசனை: மையத்தில் உங்களுக்குக் கொடுத்த பழைய லிக்விட்டுக்கே, பாதிப்பாதி கலவைக்கு, திரும்பிப் போங்கள். மில்லிக்கு 20 மி.கி. என்பது பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. அதைத் தாண்டிய எதையும் வாங்காதீர்கள். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் நிறுத்தி, அடுத்த முறை இடைவெளி விட்டு இழுங்கள். சிகரெட் மறுபடி முழுதாக நின்று சில மாதம் ஆனபின் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் 20இலிருந்து நேராக 3க்குக் குதிக்கவேண்டாம். முதலில் இழுப்புகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள், வீட்டுக்குள் ஊதுவதை நிறுத்துங்கள், பிறகு 12, 10 என்று இறங்குங்கள். எந்தப் படியில் லிக்விட் செலவு திடீரென்று ஏறுகிறதோ, அந்தப் படி உங்களுக்கு இன்னும் சீக்கிரம் என்று அர்த்தம்.

பெரிய பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. நிகோட்டின் கலந்த லிக்விட் இங்கே 10 மி.லி. பாட்டிலில்தான் விற்கலாம். பெரிய பாட்டில்கள் நிகோட்டின் இல்லாமல் விற்கப்படுபவை, 50 மி.லி.யில் தனியாக வாங்கிய 18 மி.கி. பாட்டில் ஒன்றைக் கலந்தால் 60 மி.லி.க்கு 3 மி.கி. கணக்கு வரும். நிகோட்டின் லிக்விட்டுக்கு உள்ள பதிவு விதிகள் நிகோட்டின் இல்லாத பாட்டிலுக்குப் பொருந்தாது. மலிவு என்கிறீர்கள்; நாளுக்கு 8 மி.லி.யும் இரண்டு நாளுக்கு ஒரு காயிலும் சேர்த்தால் அதில் மிச்சம் ஒன்றும் தெரியவில்லை எனக்கு.

புதுக் காயில் போடும்போது

ஓட்டைகளில் தெரியும் வெள்ளைப் பஞ்சில் ஒவ்வொரு சொட்டாக லிக்விட் விட்டு, பஞ்சு பளபளப்பாக நனைந்ததும் பாட்டுக்குள் பொருத்துங்கள். நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். காயிலைக் கழற்ற முடியாத பாட் என்றால் நிரப்பி வைத்துக் காத்திருப்பது மட்டும்தான் வழி. அவசரப்படாதீர்கள், புதுக் காயில்கள் அதிகம் சாவது இந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அச்சிட்டிருக்கும் வாட்டில் குறைந்த எண்ணில் தொடங்குங்கள். இரண்டு இழுப்புக்கு நடுவே அரை நிமிடமாவது விடுங்கள். லிக்விட் கால் பங்குக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிவிடுங்கள்.

சந்தையில் வாங்கும் காயில் வேண்டாம். போலிக் காயில்களில் பஞ்சு இறுக்கமாகத் திணித்தோ, ஓம் தப்பாக அச்சிட்டோ இருக்கலாம். சரியாக நனைத்தும் முதல் நாளே கருகினால் சந்தேகம் காயில் மேல்தான். ஒழுங்கான கடையில் ரசீதோடு வாங்கினால் மாற்றிக் கொடுப்பார்கள். நீங்கள் ஊதும் அளவு குறைந்துவிட்டால் ஒரு காயில் ஒன்று இரண்டு வாரம் வருவது வழக்கம்.

கருகல் இல்லாமல் களகளவென்று சத்தம், வாயில் லிக்விட் தெறிப்பு என்றால் அது எதிர்ப் பிரச்சினை; காயிலில் லிக்விட் நிறைந்துவிட்டது. பாட்டைக் கழற்றி, டிஷ்யூவில் தட்டி, அடியிலுள்ள உலோகப் புள்ளிகளைத் துடையுங்கள். காயில் தெரியவில்லை என்று திரையில் வந்தாலும் முதலில் செய்யவேண்டியது இதுதான். கருவி தானாகச் சூடாகிறது, பேட்டரி உப்பியிருக்கிறது என்றால் பழுதுபார்க்க வேண்டாம். உடனே சார்ஜிலிருந்து எடுத்துவிட்டு, விற்ற கடையிலேயே மறுசுழற்சிக்குக் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போடக்கூடாது.

சிகரெட்டே தேவலையா?

இல்லை. உங்கள் கேள்வி நியாயமானதுதான், அதற்கு முழுசாகப் பதில் சொல்லவேண்டும்.

கருகல் வாடையோடு வருவது வெறும் கெட்ட ருசி மட்டும் இல்லை. பி.ஜி.யும் வி.ஜி.யும் அளவுக்கு மீறிச் சூடானால் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற ஆல்டிஹைடு வகை நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. தொண்டையைக் கிழிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கடிதம், ஒரு கருவியை ஐந்து வோல்ட்டில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் மிகுதியாக வந்ததாகவும், 3.3 வோல்ட்டில் காணவில்லை என்றும் சொன்னது. பத்திரிகைகள் முன்பாதியை மட்டும் தலைப்பாக்கின. அதே வருடம் கிரேக்க இதயநோய் மருத்துவர் ஃபர்சாலினோஸ் குழுவினர் பழகிய பயனாளிகளைக் கொண்டே சோதித்துக் காட்டியது இது: ஆல்டிஹைடுகள் ஏறுவது பஞ்சு காய்ந்த இழுப்பில், அந்த இழுப்பைப் பயனாளிகள் ருசியிலேயே கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன். "நான்கைந்து இழுப்பு இழுத்தால் பழகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பழக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் ஃபார்மால்டிஹைடை அளக்கும் கருவி கிடையாது. உங்கள் நாக்குதான் இருக்கிறது. முதல் கருகல் இழுப்பிலேயே கருவியை மேசைமேல் வைத்துவிடுங்கள். மாற்றுக் காயில் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

சிகரெட்டிலோ ஒவ்வொரு இழுப்பும் எரிந்த இழுப்புதான். இழுக்கும்போது அதன் நுனி 900 டிகிரியைத் தொடும். தார், கார்பன் மோனாக்சைடு இரண்டும் தவறாமல் வரும். "மூன்று நான்குதானே" என்றும் நினைக்காதீர்கள். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்கு ஏறும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி ஏறுகிறது. நம் தெற்காசிய உடம்புக்கு மாரடைப்பு ஏற்கெனவே சீக்கிரம் வருவது உங்களுக்குத் தெரியும்.

அதற்காக வேப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீண்டகால விளைவு முழுதாகத் தெரிய இன்னும் வருடங்கள் ஆகும். இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, மெல்லும் நிகோட்டின் கம் போன்றவை பெற்ற குழுவில் 9.9 சதவீதம். ஆனால் அப்படி விட்ட வேப் குழுவினரில் ஐந்தில் நான்கு பேர் அப்போதும் வேப் ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாள் இதையும் நிறுத்தவேண்டும் என்ற உங்கள் ஆசை சரியானது. வரிசைதான் முக்கியம்: முதலில் சிகரெட், அப்புறம் வேப். இந்த வாரமே மையத்துக்குப் போய், சிகரெட் திரும்பிவிட்டதைச் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவியில் எண் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் கூசவேண்டாம், திரும்ப வருபவர்கள் அங்கே நிறையப் பேர். வேப்போடு நிகோட்டின் பட்டையும் சேர்க்கலாமா, மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் கேளுங்கள். வரெனிக்லின், 25 நாள் சைட்டிசின் என்ற புகைநிறுத்த மாத்திரைகள் இரண்டும் இப்போது இங்கிலாந்தில் கிடைக்கின்றன.

சென்னைப் பயணம்

வேப்பைக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, எடுத்துச்செல்லல், இருப்பு வைத்தல், விளம்பரம் எல்லாவற்றையும் தடுக்கிறது. இறக்குமதிக்கு முதல் முறைக்கே ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் விற்கவில்லையே, சொந்த உபயோகத்துக்குத்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊதுவதைச் சட்டம் தனிக் குற்றமாக எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டிலிருந்து உள்ளே கொண்டுவருவதே இறக்குமதி. விமான நிலையச் சுங்கத்தில் அந்த வாதத்தை நம்பி நிற்கவேண்டாம். தோஹா வழியாகப் போவதாக இருந்தால் கத்தாரிலும் தடை உண்டு. அங்கே போய் யாரிடமாவது ரகசியமாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ணாதீர்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாத சரக்கு அது.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே மையத்தில் சொல்லி, பட்டையும் கம்மும் வாங்கிப் பழகத் தொடங்குங்கள். எந்த அளவு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மூன்று வாரத்துக்குத் தேவையானதை அட்டைப்பெட்டியோடு இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கம்மைச் சாதாரண சூயிங்கம்போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். கல்யாண வீட்டில் மணிக்கொரு காபி வரும். காபி குடித்துக் கால் மணி நேரத்துக்குள் கம் போட்டால் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது, கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துக்கு வெளியே சித்தப்பாவோ பழைய நண்பர்களோ தம் நீட்டும் அந்த ஐந்து நிமிடம்தான் கடினம். பந்தியிலிருந்து எழும்போதே கம்மைக் கையில் எடுத்துவிடுங்கள்.

லண்டன் திரும்பியதும், மூன்று வாரம் அலமாரியில் கிடந்த பாட்டை எடுத்து அப்படியே ஊதாதீர்கள். பழைய லிக்விட்டைக் கொட்டிவிட்டுப் புதுக் காயில் போடவேண்டும். அதற்கு முன் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பட்டையிலும் கம்மிலும் மூன்று வாரம் ஓடியிருந்தால், மையத்தில் பேசி அதையே தொடரவும் கேட்கலாம்.